லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா: காசை எதில் போடுவது?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டிதான், அதாவது சுற்றும் தட்டு இல்லாத சில்லுச் சேமிப்புதான், இருக்க வேண்டும். பழையதோ புதியதோ, பிள்ளை படிக்க வாங்குவதோ கடைக் கணக்குப் பார்க்க வாங்குவதோ, விண்டோஸ் உட்கார்ந்திருக்கிற இடம் எஸ்எஸ்டியாக இல்லையென்றால் அந்த லேப்டாப்பை எடுக்காதீர்கள், அல்லது எடுத்த கையோடு மாற்றிவிடுங்கள். "அவரவர் தேவையைப் பொறுத்தது" என்று மழுப்ப இதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. எவ்வளவு பெரிய எஸ்எஸ்டி, எந்த வகை, பெட்டியில் நொடிக்கு 7000 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு தரலாமா, அப்படியானால் ஹார்ட் டிஸ்க்குக்கு வேலையே இல்லையா? ஆட்கள் காசை வீணாக்குவது பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான்.

எஸ்பிஎம் பரீட்சை முடிவு வந்து காலேஜ் சேர்க்கை தொடங்கிவிட்டால் போதும், சொந்தக்காரப் பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படம் வரும். "அண்ணே, ஒண்ணுல 1 டெராபைட்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 256தான். விலை ரெண்டும் ஒண்ணுதான். பெருசையே எடுத்திரவா?" புத்தம் புது லேப்டாப் என்றால் இந்தக் கேள்வி இப்போது அநேகமாக எழாது, எல்லாமே எஸ்எஸ்டியோடுதான் வருகின்றன. கேள்வி வருவது கைமாறிய லேப்டாப்பில். லோ யாட் பிளாசாவிலும் பிஜே டிஜிட்டல் மாலிலும் சில கடைகளில், ஆன்லைனில் முடாவிலும் கரோசெலிலும், ஏதோ அலுவலகத்திலிருந்து மொத்தமாகக் கழித்து விற்ற லேப்டாப்களைத் துடைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் நல்ல சரக்கும் உண்டு. ஆனால் அங்கேதான் "1 டெராபைட்" என்ற ஸ்டிக்கர் ஒட்டிய ஹார்ட் டிஸ்க் லேப்டாப் இன்னமும் உயிரோடு இருக்கிறது. எண் பெரிதாக இருப்பதால் கை அதன் பக்கமே போகும். அந்த எண் சொல்வது உள்ளே எவ்வளவு இடம் என்பதை மட்டும்தான், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அல்ல.

காத்திருப்பு எங்கிருந்து வருகிறது

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன்மேல் ஊசி போன்ற ஒரு கை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. பெரும்பாலான லேப்டாப் டிஸ்க்குகள் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய இடம் கைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லி நொடி. அதற்கு முன்னால் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு 10, 12 மில்லி நொடி. கூட்டிப் பார்த்தால் தட்டில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு அறுபது தடவை சுமாராக எடுத்துத் தர முடியும், அவ்வளவுதான். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கோ நகர்வதற்கோ எதுவும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி நொடி சுமார். அறுபது எங்கே, பத்தாயிரம் எங்கே.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடை, மதியக் கூட்டம், பரிமாற ஒரே ஒரு ஆள் என்று வையுங்கள். ரசம் கேட்டால் சமையல்கட்டுக்குப் போய் ரசம், அப்பளம் கேட்டால் மறுபடி போய் அப்பளம். ஒரே மேசைக்கு ஒரு வாளி சாம்பார் கொண்டு வரச் சொன்னால் அந்த மனிதர் ஒரே நடையில் கொண்டுவந்துவிடுவார், குறையே சொல்ல முடியாது. ஐம்பது மேசையும் ஆளுக்கொரு சாமான் கேட்கும்போதுதான் கடை நின்றுபோகிறது.

விண்டோஸ் அந்த ஐம்பது மேசைதான். பட்டனை அழுத்தியதிலிருந்து திரை வரும்வரை அது படிப்பது ஒரு பெரிய கோப்பை அல்ல, ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை. அப்புறம் ஆன்டிவைரஸ் தன் பங்குக்குத் துழாவும், அப்டேட் இறங்கும், குரோம் தன் பழைய கிடங்கைக் கிளறும். ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று சிவப்பாக நிற்கும், ஆனால் பக்கத்தில் வேகம் நொடிக்கு 1 எம்பியோ 2 எம்பியோ என்று காட்டும். பெட்டியில் 100 எம்பி என்று போட்டிருந்தார்களே என்று கேட்டால், அது வாளி சாம்பாருக்கான கணக்கு. ஒரே நீளமான கோப்பைக் காப்பி அடிக்கும்போது ஹார்ட் டிஸ்க்குக்கும் சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கான அதே பழைய இணைப்பு) எஸ்எஸ்டிக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மடங்கு சுமார், 100க்கு 550. குட்டித் துண்டுகளில் ஹார்ட் டிஸ்க் ஒரு எம்பிகூடத் தேறாத இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 30, 40 எம்பி தரும். நாள் முழுக்க நாம் உணர்வது இந்த இரண்டாவது வித்தியாசத்தைத்தான்.

இங்கே ஒரு உள்ளூர் விஷயம். பெட்டாலிங் ஜெயாவில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் ஆலை ஒன்று இருந்தது. கணினிகளுக்குள் போகிற ஹார்ட் டிஸ்க்குக்கு இனிமேல் நீண்ட காலத் தேவை குறைந்துகொண்டே போகும் என்று சொல்லி, 2019 முடிவுக்குள் அதை மூடப்போவதாக 2018 ஜூலையில் அந்த நிறுவனம் அறிவித்தது. அதே அறிவிப்பில் பினாங்கில் எஸ்எஸ்டி தயாரிப்பை விரிவாக்கும் பேச்சும் இருந்தது. நம் ஊரிலேயே ஹார்ட் டிஸ்க் செய்துகொண்டிருந்தவர்கள் எந்தப் பக்கம் காசு போட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

7000 என்ற எண்ணுக்குக் காசு தராதீர்கள்

சரி, எஸ்எஸ்டி என்று முடிவாகிவிட்டது. கடைக்காரர் இப்போது அடுத்த வலையை விரிப்பார். சாட்டா எஸ்எஸ்டி 550, என்விஎம்இ என்ற புதிய வேக இணைப்பில் தலைமுறை 3 என்றால் 3500, தலைமுறை 4 என்றால் 7000. "பாஸ், வித்தியாசம் கொஞ்சம்தான், இதையே எடுங்க." கேட்பதற்கு 7000 என்பது 550ஐ விடப் பன்னிரண்டு மடங்கு.

ஆனால் மேலே சொன்ன அதே கணக்கைப் போடுங்கள். இந்த எண்களும் நீளமான கோப்புக்கானவை. குட்டித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும்போது சாட்டா 30, 40 எம்பி, என்விஎம்இ 50 முதல் 80 எம்பி. தலைமுறை 3க்கும் 4க்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மிகச் சாதாரண எஸ்எஸ்டிக்கு மாறுவது வீட்டில் எல்லோரும் கவனிக்கிற மாற்றம். அந்தச் சாதாரண எஸ்எஸ்டியிலிருந்து 7000க்கு மாறினால் வேர்ட் திறப்பதிலும் பத்து டேப் போட்டு உலாவுவதிலும் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் வித்தியாசத்தை என்னாலேயே சொல்ல முடியாது. வீடியோ எடிட் செய்கிறவர், நூறு ஜிபி கோப்புகளை அங்கும் இங்கும் நகர்த்துகிறவர் என்றால் அது வேறு, அவர்களுக்கு அந்த எண் நிஜம். மற்றவர்கள் அந்தக் காசை இரட்டை கொள்ளளவில் போடுங்கள்.

இன்னொன்று, லேப்டாப் இடம் கொடுக்க வேண்டுமே. தலைமுறை 3 இணைப்பு உள்ள லேப்டாப்பில் தலைமுறை 4 டிரைவைச் செருகினால் வேலை செய்யும், ஆனால் 3500க்கு மேல் ஓடாது. பணம் மட்டும் முழுசாகப் போயிருக்கும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் லேப்டாப்பின் வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய லேப்டாப்களில் 2.5 அங்குல இடம் இருக்கும், அதில் சாட்டா எஸ்எஸ்டி நேராக உட்காரும். எஸ்எஸ்டியின் தடிமன் 7 மில்லிமீட்டர், பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்தால் கொஞ்சம் ஆடும், ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரி. சற்றே புதிய லேப்டாப்களில் எம்.2 என்ற நீளமான குச்சி வகை. இங்கேதான் ஜாக்கிரதை தேவை, ஏனென்றால் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் எம்.2 குச்சியில் சாட்டா பேசுவதும் உண்டு, என்விஎம்இ பேசுவதும் உண்டு. சில லேப்டாப் ஒன்றை மட்டுமே ஏற்கும். நீளமும் 2280, 2242, 2230 என்று மூன்று வகை, 80, 42, 30 மில்லிமீட்டர் என்று அர்த்தம். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகத்தைத் தேடினால் எல்லாம் எழுதியிருக்கும். அல்லது பின்மூடியைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டுங்கள், வாயால் விவரிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மாற்றவே முடியாத லேப்டாப்களும் இருக்கின்றன. மலிவு மாணவர் லேப்டாப் சிலவற்றில் 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவான சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அது ஹார்ட் டிஸ்க்கும் இல்லை, உருப்படியான எஸ்எஸ்டியும் இல்லை. 64 ஜிபியில் விண்டோஸ் 11 உள்ளே நுழைந்து உட்காரும், ஆனால் பெரிய அப்டேட் வரும்போது இடம் இல்லை என்று முனகும். இதை வாங்குவதைவிட ஐந்து வருடப் பழைய அலுவலக லேப்டாப்பை வாங்கி எஸ்எஸ்டி போடுவேன். ஆப்பிளின் மேக்புக் ஏரில் 2018 மாடலிலிருந்தே சேமிப்பு போர்டோடு ஒட்டியே வருகிறது, வாங்கும் அன்றே எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

எவ்வளவு பெரியது

256 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் 238 என்று காட்டும். ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024ஆல் போடுகிறது. அதில் விண்டோஸ், ஆபீஸ், அப்டேட் மிச்சங்கள் என்று ஒரு ஐம்பது ஜிபியைக் கழியுங்கள். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப மந்தமாகும் என்பதால் பத்து, இருபது சதவீதம் காலியாகவும் விட வேண்டும். ஆக 150 ஜிபிக்கு மேல் உங்களுக்கு என்று கிடைக்காது. அம்மாவுக்கு ஈபிஎஃப் கணக்குப் பார்க்கவும் யூடியூபுக்கும் அது தாராளம். காலேஜ் பிள்ளைக்கு 512. படம், வீடியோ, இசைப் பதிவு என்று போகிறவருக்கு 1 டெராபைட். 128ஐ யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜிபிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மலிவு பெரிய அளவுகளில்தான் வேலை செய்கிறது. ஹார்ட் டிஸ்க் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உள்ளே ஒரு மோட்டார், ஒரு தட்டு, ஒரு கை, ஓர் அலுமினியப் பெட்டி வேண்டும், அதற்குக் கீழே விலையை இறக்க முடியாது. அதனால் 500 ஜிபி அளவில் ஹார்ட் டிஸ்க் வாங்கி மிச்சம் பிடிக்கிற காசு ஒரு குடும்பத்து நாசி லெமாக் செலவுக்குத்தான் வரும். 4, 5 டெராபைட் என்று போகும்போதுதான் ஹார்ட் டிஸ்க் தன் பலத்தைக் காட்டுகிறது. இன்றைய விலையை நான் இங்கே வெள்ளிக் கணக்கில் எழுதப்போவதில்லை. 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளுக்கு ஏஐ தரவு மையங்கள் போட்டி போட்டதில் விலை ஏறிக் கிடக்கிறது (ஜொகூரில் வரிசையாக எழும்பும் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும்), போன வருடம் நண்பர் வாங்கிய விலையை வைத்துப் பேரம் பேசினால் கடைக்காரர் சிரிப்பார்.

விலை ஏறும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரே கொள்ளளவு, ஒரே தோற்றம், ஆனால் ஒன்று மட்டும் கணிசமாக மலிவாக இருந்தால் அது க்யூஎல்சி வகையாக இருக்கலாம். ஒரு சின்ன அறைக்குள் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் திணிப்பது க்யூஎல்சி. திணிக்கத் திணிக்க எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். முன்னால் ஒரு வேகமான தற்காலிகப் பகுதியை வைத்து இதை மறைக்கிறார்கள், அந்தப் பகுதி நிரம்பியதும் சில க்யூஎல்சி மாடல்களில் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். 80 என்பது ஹார்ட் டிஸ்க் வேகம்! படிப்பதற்கு ஒன்றும் குறையில்லை, அதனால் பள்ளிப்பாடம், இணையம் என்றால் க்யூஎல்சி போதும். ஒரே மூச்சில் 200 ஜிபி கல்யாண வீடியோவை இறக்குகிறவர் டிஎல்சி என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆயுள், வெயில், மோட்டார் சைக்கிள்

"எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துபோயிடுமாமே?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தேயும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு நிறுவனம் தருகிற வரம்பு 300 டெராபைட் எழுதுவது, அல்லது 5 வருடம், எது முதலில் வருகிறதோ அது. தினமும் 20 ஜிபி எழுதினால், அது சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அதிகம்தான், வருடத்துக்கு 7.3 டெராபைட். 300ஐத் தொட நாற்பது வருடம் தாண்டும். அதற்குள் லேப்டாப்பின் மூடிக்கீல், பேட்டரி, விசிறி எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

எஸ்எஸ்டியின் உண்மையான குறை வேறு. அது சாகும்போது சொல்லிக்கொண்டு சாவதில்லை. ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடும், கோப்பு திறக்க முக்கும், ஒரு வாரமாவது இழுத்துக்கொண்டு கிடந்து உங்களுக்கு அவகாசம் தரும் என்பது அடிக்கடி நடப்பது. எஸ்எஸ்டியில் நேற்றிரவு நன்றாக இருந்தது இன்று காலை பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) பெயரே தெரியாது. மீட்புக் கடைக்காரர்களுக்கும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு வழி இருக்கிறது, எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த கோப்பை டிரிம் என்ற கட்டளை சற்று நேரத்தில் உண்மையாகவே துடைத்துவிடும், அப்புறம் யாராலும் தோண்டி எடுக்க முடியாது. ஆக எஸ்எஸ்டிக்கு மாறுகிறவர் இரண்டாவது பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். செலவை முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நம் ஊர் வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. எஸ்எஸ்டியில் தகவல் நிற்பது அறைக்குள் அடைபட்ட மின்னூட்டமாக, மின்சாரம் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பத்தில் வேகமாகக் கசியும். சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி, தன் எழுதும் வரம்பை முழுக்கத் தீர்த்துவிட்ட ஒரு சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும். புது டிரைவ் இதைவிட நிறையத் தாங்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏர்கான் போடாத செந்தூல் அறையில் 30 டிகிரி என்பது சாதாரண நாள். பிள்ளையின் காதுகுத்துப் படங்களை ஒரு எஸ்எஸ்டியில் போட்டு அலமாரிக்குள் வைத்துப் பல வருடம் மறந்துவிடப் போகிறீர்கள் என்றால் அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி. காரின் டேஷ்போர்டில் எதையுமே வைக்காதீர்கள்.

அடிபடுவதில் போட்டியே இல்லை. ஹார்ட் டிஸ்க் சுற்றும்போது அதன் தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அணைத்து வைத்திருந்தால் நன்றாகவே தாங்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால் தலை தட்டை உரசிவிடும். இங்கே பாதிப் பேர் லேப்டாப் மூடியைச் சாத்தினாலே அணைந்துவிட்டது என்று நினைத்துப் பைக்குள் போட்டு, மோட்டாரில் ஃபெடரல் ஹைவேயில் குழியெல்லாம் இறங்கி ஏறிப் போகிறவர்கள். அது உள்ளே ஏதோ அப்டேட்டுக்காக விழித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்டியில் உரசுவதற்கு எதுவும் இல்லை. சத்தம் இல்லை என்பதும் லாபம்தான். பேட்டரி கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஆனால் திரை குடிக்கிற மின்சாரத்துக்கு முன்னால் அந்த மிச்சம் சின்னது, அதைச் சொல்லி விற்பவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் வெளியே

பத்துமலையில் தைப்பூசம் படம்பிடிக்கிற தம்பிகளையும் கிள்ளானில் கல்யாண வீடியோ எடுப்பவர்களையும் கேட்டால் ஹார்ட் டிஸ்க் செத்துப்போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, மூன்று மணி நேர முகூர்த்தம், அதுவே 270 ஜிபி. வாடிக்கையாளர் வருடம் கழித்து வந்து இன்னொரு பிரதி கேட்பார், ஆகவே அழிக்கவும் முடியாது. இதையெல்லாம் எஸ்எஸ்டியில் அடுக்கினால் சம்பாதித்தது அங்கேயே போய்விடும். எடிட் செய்வது எஸ்எஸ்டியில், முடிந்ததும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு, அதிலும் ஒன்றுக்கு இரண்டு பிரதி, இரண்டும் ஒரே அலமாரியில் இல்லாமல். நீளமான கோப்பை ஒரே மூச்சில் எழுதிவைப்பது ஹார்ட் டிஸ்க் நன்றாகச் செய்கிற வேலை.

சாதாரணக் குடும்பத்துக்கும் இதே ஏற்பாடுதான், அளவு சின்னது. லேப்டாப்புக்குள் 512 எஸ்எஸ்டி, வெளியே ஒரு 1 அல்லது 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். "256 எஸ்எஸ்டியா, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கா" என்று கேட்ட பிள்ளைக்கும் இதைத்தான் சொன்னேன். "சின்னதை எடுடா, இடம் பத்தலைன்னா வெளிய ஒண்ணு வாங்கிக்கலாம். வேகத்தை வெளிய வாங்க முடியாது."

பழைய லேப்டாப்பில் காசு போடலாமா

போடலாம், ஆனால் மூன்று விஷயம் பார்த்த பிறகு. ரேம் 4 ஜிபிதான் என்றால் எஸ்எஸ்டி போட்டதும் பெரிய மாற்றம் தெரியும், ஆனாலும் 8க்கு ஏற்ற இடம் இருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டி முதலில், ஏனென்றால் ரேம் நிரம்பி வழிவதும் டிஸ்க்குக்குத்தான் வந்து விழுகிறது. அடுத்து, பேட்டரியும் திரையும் கீலும். இவை மூன்றில் இரண்டு போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசருக்கு முந்தைய லேப்டாப்கள் கிட்டத்தட்ட எதற்கும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் இணையத்துக்கும் கடிதம் அடிக்கவும் அருமையாக ஓடும். பழைய கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் இந்தச் செலவு வேண்டாம், அந்தக் காசை அடுத்த லேப்டாப்புக்குச் சேர்த்துவையுங்கள்.

மாற்றும்போது இரண்டு வழி. புதிதாக விண்டோஸ் ஏற்றுவது சுத்தமானது, நான் பெரும்பாலும் அதையே சொல்வேன். பழையதை அப்படியே குளோன் செய்ய வேண்டும் என்றால், 1 டெராபைட் டிஸ்க்கிலிருந்து 512 எஸ்எஸ்டிக்குப் போகும்போது முதலில் தேவையில்லாததை அழித்துப் பகுதியைச் சுருக்க வேண்டும். குளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவி தன் வழக்கமான அமைப்பில் பெரியதிலிருந்து சின்னதுக்குப் போக மறுக்கும். அப்புறம் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிரைவ் பூட்டு. புதிய லேப்டாப்களில் பல, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிரைவைத் தானாகப் பூட்டிவைத்திருக்கும். மீட்புச் சாவி எண் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளாமல் கடையில் கொடுக்காதீர்கள். கடைக்காரர் திரும்பத் தரும்போது நீலத் திரையில் 48 இலக்கம் கேட்டு நிற்கும்.

வாங்குகிற இடம் பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் "16 டெராபைட் போர்ட்டபிள் எஸ்எஸ்டி" என்று சில பத்து வெள்ளிக்கு ஒன்று கண்ணில் பட்டால் அது பொய். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், 16 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நிரம்பியதும் பழையதன்மேலேயே எழுதிக்கொண்டு போகும், பெயர்கள் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கிவிட்டீர்கள் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன நிரலை ஓட்டி முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். உத்தரவாதம் 3 வருடமா 5 வருடமா, மலேசிய விநியோகஸ்தரின் ஸ்டிக்கர் இருக்கிறதா, பழுதானால் கடையில் கொடுப்பதா நாமே அனுப்புவதா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், அந்தக் காகிதம் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்ளும், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். 2.5 அங்குல டிஸ்க்கை வைக்கிற யுஎஸ்பி பெட்டி லோ யாட்டில் மலிவாகக் கிடைக்கும், போட்டால் அதுவே உங்கள் பிரதி டிஸ்க். ஆனால் முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, சி5 என்பது சந்தேகத்தில் நிற்கும் இடங்கள். இரண்டிலும் பூச்சியம் என்றால் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஏதாவது எண் இருந்து அடுத்த வாரம் பார்க்கும்போது அது கூடியும் இருந்தால், உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அதை நம்பி எதையும் வைக்காதீர்கள், யாருக்கும் விற்கவும் வேண்டாம்.